இருக்கிற கையும் இல்லாத கையும்



காலை எட்டரை மணிக்கு மாட்டுங்காவிலோ செம்பூரிலோ லோக்கல் ரயில் ஏறுகிறவரா நீங்கள்? அப்படியானால் நாளைக்கு உங்கள் பெட்டியைச் சற்றே கவனித்துப் பாருங்கள். ஒவ்வொருவருடைய ஒரு கையும் மேலே தொங்கும் பிடியைப் பற்றியிருக்கும். மற்றக் கையில் கைப்பேசி இருக்கும். பெருவிரல் மாத்திரம் திரையின்மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் லூடோ காய் நகர்த்துவார். இன்னொருவர் தண்டவாளத்தின்மேல் ஓடும் பொம்மைப் பையனை இடமும் வலமும் தள்ளிக்கொண்டிருப்பார். அந்த நெரிசலில் நாம் எல்லாரும் ஒற்றைக் கையர்களே. தாதரில் இறங்கினதும் நம்முடைய இரண்டாவது கை நமக்குத் திரும்பக் கிடைத்துவிடுகிறது. சிலருக்கு அது திரும்பக் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட ஒருவனைக் குறித்தும், அவன் கைப்பேசியில் ஆடிய விளையாட்டைக் குறித்தும், நான் செய்த ஒரு தவறைக் குறித்தும் இந்த மாதம் எழுதுகிறேன்.

தாராவியில் 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அந்தக் குடும்பம் வாழ்கிறது. தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள். மூத்த மகன் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் இயந்திரத்தில் தகடு வெட்டும் வேலை செய்தான். பத்தொன்பதாம் வயதில் அவனுடைய இடது கை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, அந்த இயந்திரத்தில் போய்விட்டது. அவன் பெயரை எழுதமாட்டேன். இதை எழுத அவன் சம்மதித்தான் என்பது போதும்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து சில மாதங்களுக்குப் பின் அவனுடைய தாயார் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார்கள். "ஐயா, ராத்திரி பகலா போன்ல கேம் விளையாடுதான். கூப்பிட்டா ஏறிட்டுப் பாக்க மாட்டேங்குதான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். ஒரு வார்த்தை சொல்வது எனக்குக் கஷ்டமான காரியமல்ல. வீடியோ கேம் பார்லர்கள் நம்முடைய சந்துகளில் பெருகின நாட்களிலேயே அவற்றுக்கு எதிராகப் பிரசங்கித்தவன் நான். அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன், அவனுக்கு அறிவுரை சொன்னேன். கைப்பேசி பீரோவுக்குள் போயிற்று. சாவி தாயாரின் இடுப்பில்.

அடுத்த வாரங்களில் நடந்ததைக் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அந்த வாலிபன் எழுந்து உட்கார்ந்து அழுகிறான். இல்லாத இடது கையின் விரல்கள் இறுக மூடிக்கொள்கின்றனவாம், நகங்கள் உள்ளங்கையைக் குத்துகின்றனவாம், திறக்க முடியவில்லையாம். இல்லாத கைக்கு உள்ளங்கை ஏது, நகம் ஏது? வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒருவர் இது அசுத்த ஆவியின் வேலை என்று சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை. அவன் தலைமேல் கைவைத்து ஏறக்குறைய அதே விதமாகவே ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஐயா, ஆடும்போதுதான் அந்தக் கை கொஞ்சம் சும்மா கெடக்கும். அதையும் வாங்கி வச்சிட்டீங்க" என்றான்.

வேதாகமக் கல்லூரியில் எனக்கு எபிரெயு கற்பித்தார்கள், கிரேக்கு கற்பித்தார்கள். வெட்டுண்ட கை வலிக்கும் என்று ஒருவரும் கற்பிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரித்து, "பாஸ்டர், இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் பெரியவர் நம்ம ஊர்க்காரர்தானே" என்றார்.

ஸ்டான்லியில் படித்த மருத்துவர்

வெட்டப்பட்ட உறுப்பு இன்னும் இருப்பதுபோல உணர்வது புதிய சங்கதி அல்ல. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்துப் போர்க்கள அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே அதைக் குறித்து எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல் என்பவர் 1871இல் அதற்கு மாய உறுப்பு என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1797இல் வலது கையை இழந்த ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் நெல்சன், அந்தக் கை இன்னும் தன்னோடு இருப்பதாக உணர்ந்தார் என்றும், ஆத்துமா உண்டு என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று சொன்னார் என்றும் கூறுவார்கள். ஆத்துமா உண்டென்று நம்புவதற்கு எனக்கு நெல்சனுடைய கை தேவையில்லை. ஆகிலும் அவர் அதைப் பிசாசு என்று சொல்லாமற்போனதைக் கவனித்தேன்.

விளையனூர் ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பின்பு கேம்பிரிட்ஜ் சென்று, அங்கிருந்து அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நரம்பியல் ஆராய்ச்சி செய்தார். 1990களின் தொடக்கத்தில் அவர் கையை இழந்த ஒருவரின் கண்களைக் கட்டி, அவருடைய கன்னத்தைப் பஞ்சால் தொட்டார். கன்னத்தில் தொட்டது அவருக்கு இல்லாத கையின் விரலிலும் தெரிந்தது! காரணம் இதுதான். நம் மூளையின் மேற்பரப்பில் உடல் முழுவதற்கும் ஒரு வரைபடம் உண்டு. அதில் கைக்குரிய இடமும் முகத்துக்குரிய இடமும் அடுத்தடுத்த வீடுகள். கையிலிருந்து செய்தி வருவது நின்றுபோனால் பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் காலி வீட்டுக்குள் குடியேறிவிடுகிறார். தாராவியில் குடியிருக்கும் நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வலிக்கு அவர் சொன்ன விளக்கம் இன்னும் எளிது. திற என்று மூளை கட்டளை அனுப்புகிறது. திறந்துவிட்டேன் என்று பதில் சொல்லக் கை இல்லை. பதில் வராதபடியால் மூளை மறுபடியும் மறுபடியும் கட்டளையிடுகிறது. மூடின விரல்கள் மூடினபடியே நின்றுவிடுகின்றன. ராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவே சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினார். இருக்கிற கையைக் கண்ணாடியின் முன்னே வைத்தால் அதன் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். இருக்கிற கையைத் திறந்து மூடினால் இல்லாத கையும் திறந்து மூடுவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். மூளைக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. பத்து ஆண்டுகளாக அசையாதிருந்த தன் மாயக் கை அசைகிறதென்று ஒரு நோயாளி ஆச்சரியப்பட்டுக் கூவினதை அவர் 1998இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எல்லாருக்கும் இது பலன் தருவதில்லை. ஆனாலும் இன்று உலகமெங்கும் மருத்துவமனைகளில் இந்தக் கண்ணாடிப் பயிற்சி உண்டு.

நான் இதை வாசித்துவிட்டு அன்றிரவு நன்றாகத் தூங்கவில்லை என்பதை மறைக்கமாட்டேன்.

நாற்பத்தெட்டு ஆண்டு வலி

விளையாட்டு எங்கே வந்தது என்கிறீர்களா? சுவீடன் தேசத்தில் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் ஓர்டிஸ் கட்டலான் என்ற ஆராய்ச்சியாளர் இருக்கிறார். கையை இழந்து 48 ஆண்டுகளாக மாயவலியோடு வாழ்ந்த ஒருவர் அவரிடம் வந்தார். கண்ணாடிப் பயிற்சியும் அவருக்கு உதவவில்லை. ஆராய்ச்சியாளர் அவருடைய மிச்சக் கையின் தோல்மேல் சிறிய மின்முனைகளை ஒட்டினார். கை போனாலும் அதை அசைத்த தசைகளில் ஒரு பகுதி மிச்சக் கையில் இருக்கிறது. கையைத் திற என்று நினைத்தால் அந்தத் தசைகள் துடிக்கும். அந்தத் துடிப்பின் மின்சாரத்தைக் கணினி வாசித்தது. திரையில் அவருக்கு ஒரு கை தெரிந்தது; அவர் நினைத்தபடி அது அசைந்தது. பின்பு அதே துடிப்பினால் ஒரு கார்ப் பந்தய விளையாட்டை ஆடவைத்தார்கள். வாசகரே, இல்லாத கையால் அந்த மனிதர் கார் ஓட்டினார். வாரங்கள் செல்லச் செல்ல வலி குறைந்தது. முற்றிலும் வலியில்லாத நேரங்களும் வந்தன. இறுக மூடிக்கிடந்த மாயக் கை தளர்ந்து திறந்தது. இது 2014இல் வெளியான செய்தி.

அதன்பின் 14 பேருக்கு, எல்லாரும் வேறு வைத்தியங்களில் பலன் காணாதவர்கள், 12 முறை இதே பயிற்சி கொடுத்தார்கள். வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆறு மாதம் சென்ற பின்னும் பலன் நின்றது. 2016 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. 14 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆகவே இதை அற்புதம் என்று நான் கூவமாட்டேன். நம்முடைய மேடைகளில் தேவைக்கு அதிகமாகவே கூவுகிறோம்.

நம் தாராவி வாலிபன் ஆடியது இந்த விளையாட்டு அல்ல. அவனுக்கு மின்முனையும் இல்லை, கணினியும் இல்லை. அவனுக்கு நடந்தது வேறு. மனது முழுவதும் ஒரு காரியத்தில் குவிந்திருக்கும்போது வலியைக் கவனிக்க அதற்கு இடமிருப்பதில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும் வேளையில் நோயாளிகளுக்குப் பனிமலை விளையாட்டு ஒன்றைக் கண்ணுக்கு முன் காட்டி, பனிப்பந்து எறியச் செய்து, வலியின் கடுமையைக் குறைத்தார்கள். பீரோவுக்குள் வைத்துப் பூட்டினோமே, அது அவனுக்குக் கிடைத்த ஒரே வலிமருந்து.

ஒரு கையும் ஒரு நகரமும்

போன கை திரும்ப வராதா என்று அவன் தாயார் கேட்டார்கள். மும்பையில் அப்படிக் கேட்ட இன்னொரு குடும்பத்தின் கதையைப் பத்திரிகைகளில் நீங்கள் வாசித்திருப்பீர்கள். 2014 ஜனவரி 11 அன்று காட்கோபர் நிலையத்தில் மோனிகா மோரே என்ற மாணவி ரயில் ஏறும்போது நடைமேடைக்கும் ரயிலுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் விழுந்து இரண்டு கைகளையும் இழந்தாள். நடைமேடைகள் தாழ்வாயிருந்ததைக் குறித்து இந்த நகரமே அப்பொழுதுதான் உரக்கப் பேசியது. செயற்கைக் கைகள் பொருத்தினார்கள். ஆனால் அவள் காத்திருந்தது உயிருள்ள கைகளுக்காக. 2020 ஆகஸ்டில், கொரோனா முடக்கத்தின் நடுவே, சென்னையில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கைகளைக் கொடுக்க அவருடைய குடும்பத்தார் சம்மதித்தார்கள். தனி விமானத்தில் அந்தக் கைகள் மும்பைக்கு வந்தன. பரேலில் குளோபல் மருத்துவமனையில் டாக்டர் நிலேஷ் சத்பாய் தலைமையில் சுமார் 16 மணி நேரம் அறுவை சிகிச்சை நடந்தது. சென்னையிலிருந்து மும்பைக்கு வருகிறவர்களைக் குறித்து எத்தனையோ எழுதியிருக்கிறோம். இப்படி வந்தவரைக் குறித்து இதற்குமுன் நான் எழுதினதில்லை.

ஆனால் கை மாற்று எல்லாருக்கும் உரியதல்ல. ஒட்டிய கையை உடல் தள்ளிவிடாதபடி வாழ்நாள் முழுவதும் மருந்து உண்ண வேண்டும். அந்த மருந்து நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். ஆகவே பெரும்பாலும் இரண்டு கைகளையும் இழந்தவர்களையே மருத்துவர்கள் முதலாவது கருதுகிறார்கள். ஒரு கை போனவனுக்கு மிஞ்சியது செயற்கைக் கையும் இருக்கிற கையும்தான். ஹாஜி அலியில் 1955 முதல் இயங்கும் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனத்தில் செயற்கை உறுப்புகள் செய்கிறார்கள். ரோட்டரி சங்கத்தார் நடத்தும் முகாம்களில் எல்.என்.4 என்னும் பிளாஸ்டிக் கை இலவசமாகக் கிடைக்கிறது. முழங்கைக்குக் கீழே போதிய நீளம் மிஞ்சியிருந்தால் அதை மாட்டலாம். மின்சாரம் வேண்டாம், மற்றக் கையால் விரல்களை அழுத்திப் பிடிக்கவைக்கலாம், விடுவிக்கலாம். நம் வாலிபனுக்கும் ஒன்று கிடைத்தது. பேனா பிடித்தான், சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தான், தண்ணீர் வாளியையும் தூக்கினான்.

கைப்பேசியை மாத்திரம் அதனால் ஆள முடியவில்லை. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இக்காலத்துக் கைப்பேசித் திரை அழுத்தத்தை அறிவதில்லை. தோலின் மின்தன்மையை அறிகிறது. பிளாஸ்டிக் விரல் எத்தனை முறை தட்டினாலும் அது அசையாது. ஆனால் மிச்சக் கையின் நுனியும் தோல்தானே! செயற்கைக் கையைக் கழற்றி வைத்துவிட்டு, உலகம் ஊனம் என்று சொல்லுகிற அந்த நுனியால் தட்டினான், திரை கீழ்ப்படிந்தது. கும்பகோணத்தில் பிறந்து, 13ஆம் வயதில் 2002இல் பிக்கானேரில் குண்டு வெடித்து இரண்டு கைகளையும் இழந்த மாளவிகா ஐயர், மிச்சக் கையில் துருத்தி நின்ற எலும்பையே ஒரு விரலாகக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ததைச் சொல்லியிருக்கிறார். 2018இல் குடியரசுத் தலைவரிடம் நாரி சக்தி விருது பெற்றார். அந்தச் செய்தியை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒரு விரலு போதும்னா எனக்கு அஞ்சு இருக்கே ஐயா" என்றான்.

வீடியோ விளையாட்டு எப்படி இரண்டு கைக்குரியதாயிற்று என்பதையும் அவனிடமே கற்றேன். 1983இல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாம் இயந்திரத்தின் கன்ட்ரோலரில் இடது பெருவிரலுக்கு நான்கு திசைப் பொத்தான், வலது பெருவிரலுக்கு இரண்டு பொத்தான்கள். நம்மில் பலர் மனீஷ் மார்க்கெட்டில் பேரம் பேசிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்த டி.வி. கேம் அதன் நகல்தான். இடது கை நடக்கவும் வலது கை செய்யவும் என்கிற அந்தப் பங்கீடு இன்றளவும் மாறவில்லை. கைப்பேசித் திரையிலும் அப்படியே வரைந்து வைத்திருக்கிறார்கள். இடது கை இல்லாதவன் அடிக்கலாம், நடக்க முடியாது.

வழி தேடியவர்கள் உண்டு. 1990களில் ஜப்பானின் ஆஸ்கி நிறுவனம் ஒரே கைக்குள் அடங்கும் கன்ட்ரோலர் விற்றது. அது மாற்றுத்திறனாளிகளுக்காகச் செய்யப்பட்டதல்ல. நீண்ட கதை விளையாட்டுகளை ஆடிக்கொண்டே மற்றக் கையால் வேறு வேலை பார்க்க விரும்பினவர்களுக்காகச் செய்தது. சோம்பேறிகளுக்கென்று செய்தது ஒரு கையருக்கு உதவிற்று. கணினியில் ஆடுகிறவர்களுக்கு, பெருவிரலுக்கு எட்டும் பக்கத்தில் பன்னிரண்டு பொத்தான் வைத்த மவுஸ் 2009இல் வந்தது. விசைப்பலகையின் வேலையில் பாதியை அதுவே செய்துவிடும். மீதிக்குக் காலில் மிதிக்கும் பெடல். 2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை வெளியிட்டது. வெள்ளைப் பலகை ஒன்று, அதன்மேல் உள்ளங்கையால் அறையத்தக்க இரண்டு பெரிய பொத்தான்கள். பின்பக்கத்தில் 19 துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பொத்தானையோ பெடலையோ சொருகி, கால், முழங்கை, தோள், தாடை எதனாலும் ஆடலாம். போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்குக் கன்ட்ரோலர்களை மாற்றியமைத்துக் கொடுத்துவந்த ஒரு சிறிய தொண்டு அமைப்பிடமிருந்து அந்த எண்ணம் பிறந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அதை அடைத்து வரும் அட்டைப்பெட்டியைப் பல்லால் கடிக்காமல் திறக்க முடியவேண்டும் என்று தீர்மானித்து, வளையம் வளையமாக இழுப்பு வைத்துச் செய்திருக்கிறார்கள். ஒரு கையால் பிஸ்கட் பொட்டலம் திறந்து பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும். 2023 டிசம்பரில் சோனி நிறுவனமும் அக்சஸ் என்ற வட்டமான கன்ட்ரோலரை வெளியிட்டது.

இவற்றின் விலை அமெரிக்காவிலேயே 100 டாலரை ஒட்டியது. அதற்குமேல் அந்த விளையாட்டு இயந்திரத்தையும் வாங்கவேண்டும். நம் சபைக் குடும்பங்களில் இதை யார் வாங்குவார்கள்? லாமிங்டன் ரோட்டில் பழைய கன்ட்ரோலரைப் பிரித்துப் பொத்தானை இடம் மாற்றித் தருகிற கைத்திறமுள்ள பையன்கள் இருக்கிறார்கள். எனினும் நம் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்பது கைப்பேசிதான். ஆகவே கைப்பேசியில் ஒரு கையால் ஆடுவது எப்படி என்பதைச் சொல்கிறேன். தேவையுள்ள யாரேனும் உங்கள் சந்தில் இருக்கக்கூடும்.

முதலாவது, கைப்பேசியைக் கையில் பிடிக்கக் கூடாது. ஒரே கை அதைப் பிடிக்கவும் ஆடவும் முற்பட்டால் சீக்கிரத்தில் மணிக்கட்டு கெட்டுவிடும். மேசையிலோ மடியில் வைத்த தலையணையிலோ சாய்வாக நிறுத்த ஒரு தாங்கி போதும். அவன் வேதாகமம் வைக்கும் மடக்குப் பலகையையே பயன்படுத்தினான், நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது, நவிமும்பையில் உருவாக்கப்பட்டு 2016இல் வெளிவந்த லூடோ கிங், சதுரங்கம், விரலால் தள்ளும் ஓட்ட விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு ஒரு விரலே போதும். அங்கே அவன் எவருக்கும் குறைந்தவன் அல்ல. கார் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு, கைப்பேசியையே ஸ்டீயரிங் போலச் சாய்த்து ஓட்டும் வசதி உண்டு. இரண்டு கை கேட்கும் பெரிய விளையாட்டுகளில் அமைப்புப் பக்கத்துக்குப் போனால் பொத்தான்களை இழுத்து ஒரே பக்கமாக வைக்கலாம். தானாக ஓடும்படி செய்யலாம். துப்பாக்கி விளையாட்டுகளில் கைப்பேசியைச் சாய்த்தே குறிவைக்கும் ஜைரோஸ்கோப் வசதியும் உண்டு என்று அவன் சொன்னான். துப்பாக்கி விளையாட்டை நான் இன்றும் விரும்புகிறதில்லை. அதைக் குறித்து அவனுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

எச்சரிப்புகளையும் மறைக்கமாட்டேன். ஒரு கை போனவனுக்கு மற்றக் கைதான் எல்லா வேலையும் செய்கிறது. அது நோகத் தொடங்கினால் அவனுக்கு மாற்று இல்லை. அரைமணிக்கு ஒருமுறை அதற்கு ஓய்வு கொடுக்கவேண்டும். பணம் கட்டி ஆடுவது வேறு காரியம், அது சூது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதற்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. நட்ட ஈட்டுத் தொகை கையில் வந்திருக்கும் வீட்டில் இதை இரண்டு முறை சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் விளையாட்டுக்கு அடிமையாகும் நிலையை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. சாப்பாடு, தூக்கம், உறவு எல்லாவற்றையும் விளையாட்டு விழுங்கி, அது மாதக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் நான் அன்றைக்கு இதில் ஒன்றையும் விசாரிக்கவில்லையே! என்ன ஆடுகிறான், எவ்வளவு நேரம், ஏன் என்று கேளாமலே பூட்டச் சொன்னேன்.

நியாயாதிபதிகளின் புத்தகத்தில் ஏகூத் என்பவனை நீங்கள் அறிவீர்கள். இடதுகைப் பழக்கமுள்ளவன் என்று நம்முடைய தமிழ் வேதாகமம் சொல்லுகிறது. எபிரெயுவில் அந்தச் சொற்றொடரின் நேர்ப்பொருள், வலது கை அடைபட்டவன் என்பதாகும். அவன் பென்யமீன் கோத்திரத்தான். பென்யமீன் என்றாலோ வலது கையின் குமாரன்! அதே கோத்திரத்தில், ஒரு மயிரிழையையும் தப்பாமல் கவண்கல் எறியும் எழுநூறு பேர் இருந்ததாகவும், அவர்களும் அப்படியே வலது கை அடைபட்டவர்கள் என்றும் இருபதாம் அதிகாரம் சொல்லுகிறது. கல்லூரி நாட்களில் இதை நான் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். மயிரிழை தப்பாமல் எறியப் பழகுவதற்கு அந்த எழுநூறு பேரும் சிறுவயதில் எத்தனை நாள் வயல்வெளியில் கல்லெறிந்து விளையாடியிருப்பார்கள் என்று அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை.

நான் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய், தாயாரிடம் சாவி கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நானே பீரோவைத் திறந்து கைப்பேசியை எடுத்துக் கொடுத்து, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஐம்பதைத் தாண்டிய ஊழியக்காரனுக்கு அது அவ்வளவு எளிதல்ல. ஒரு கண்ணாடியும் அட்டைப்பெட்டியும் வாங்கிக் கொடுத்தோம். பயிற்சியை மருத்துவமனையில் பிசியோதெரபி செய்கிற சகோதரி சொல்லிக்கொடுத்தார்கள். இரவு வலி முற்றிலும் போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. இப்பொழுது அவன் கல்யாண் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கு எழுதப் போகிறான். மாற்றுத்திறனாளிகளுக்குரிய ரயில் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால் மடியில் கைப்பேசியை வைத்து ஆடிக்கொண்டே போவதாகச் சொல்கிறான்.

சென்ற மாதம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது கால்பந்து விளையாட்டு ஒன்றைத் திறந்தான். இடது பெருவிரலால் ஆட்டக்காரனை ஓட்டவேண்டும், வலது பெருவிரலால் உதைக்கவேண்டும். மிச்சக் கையின் நுனியால் அவன் ஓட்டுவான். ஆனால் அது திரையில் பாதியை மறைத்துவிடுகிறது. "ஐயா, நீங்க ஓட்டுங்க, நான் அடிக்கேன்" என்றான். கைப்பேசியை இருவர் முழங்கால்களுக்கும் நடுவே நிறுத்தினோம். என் இடது பெருவிரலைத் திரையில் வைத்தேன். நான் ஓட்டிய ஆட்டக்காரன் கோட்டைத் தாண்டி வெளியே போனான்; திரும்பி எங்கள் கோல் கம்பத்தை நோக்கியே ஓடினான். அவன் தங்கை சிரித்து உருண்டாள். மூன்றுக்குச் சுழி என்று தோற்றோம்.

"ஐயா, நீங்க சும்மா இருந்திருந்தா ஒத்தைக் கையிலேயே ஜெயிச்சிருப்பேன்" என்றான்.